யார் செலவில் திருந்துகிறான் வில்லன்?

1998இல் வெளிவந்த ஹாரி பாட்டர் வரிசையின் இரண்டாம் நாவலில், விளையாட்டுத் திடலில் மூளும் ஒரு வாய்ச்சண்டையின்போது டிராகோ மால்ஃபாய் என்ற மந்திரப் பள்ளி மாணவன் உடன்பயிலும் ஹெர்மாயனி கிரேஞ்சரைப் பிறப்பைச் சொல்லித் திட்டுகிறான். அவளுடைய பெற்றோர் மந்திரம் அறியாத பல் மருத்துவர்கள். ஆகவே அவள் உடம்பில் ஓடுவது அழுக்கு இரத்தம் என்பது அந்த வசவின் பொருள். பள்ளியில் மாணவர்களை ஏதோ ஒன்று தாக்கிவரும் நாள்களில், அடுத்துச் சாகிறவள் அவளாக இருக்க வேண்டும் என்ற தன் விருப்பத்தையும் அவன் ஒளிக்காமல் சொல்கிறான். ஜே.கே. ரௌலிங் இந்தப் பாத்திரத்தின் மூலம் எதைக் காட்ட நினைத்தார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் ரசிகர்கள் எழுதிய கதைகளில் இவனுக்கு வாய்த்த வாழ்வு வேறு. 2000இல் தொடங்கி 2006வரை கஸாண்ட்ரா கிளேர் இணையத்தில் எழுதிய முத்தொகுதியில் டிராகோ நாவன்மை மிக்கவன், அழகன், உள்ளுக்குள் நொந்துபோன நாயகன். கொடியவனைக் கவர்ச்சியானவனாக்கி, அவன் செய்ததை மறக்கடிக்கும் எழுத்துப் போக்குக்குத் ‘தோல் கால்சட்டை போட்ட டிராகோ’ என்று ரசிகர்களே கேலிப்பெயர் வைத்தார்கள். கேலியால் அந்தப் போக்கு நின்றுவிடவில்லை. அவன் இழித்துப் பேசிய அதே ஹெர்மாயனிக்கும் அவனுக்கும் காதல் அமைக்கும் கதைகள், தனி வகை என்று சொல்லும் அளவுக்கு இன்று பெருகியிருக்கின்றன.

பிறர் படைத்த பாத்திரங்களையும் உலகையும் எடுத்துக்கொண்டு, தம்மைப் போன்ற வாசகர்களுக்காகக் காசு வாங்காமல் எழுதப்படும் கதைகளே ரசிகர் புனைவு. ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் எழுதிய நூலுக்குப் பிறகு, பல்கலைக்கழகங்கள் இதை ஒருவகைத் திறனாய்வாகவே பார்க்கத் தொடங்கின. மூலநூல் சொல்லாமல் விட்டதைச் சொல்வதும், சொன்னதை மறுப்பதும் இதன் இயல்பு. 2009இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற ரசிகர் புனைவுக் களஞ்சியம் 2019இல் ஹ்யூகோ விருதே பெற்றது. இத்தகைய எழுத்துக்குப் பிறப்புவெறி பிடித்த வில்லன் ஒரு தனிச் சிக்கலைத் தருகிறான். தன் சொந்தப் பகைக்காகக் கொல்ல வந்தவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டால் கதை அவனை மன்னிக்க வழியுண்டு. பிறப்பைக் காட்டி மனிதரைத் தாழ்த்துகிறவனின் குற்றம் அவன் கையோடும் நாவோடும் முடிவதில்லை. அவனுக்குப் பதவியும் வீடும் மரியாதையும் தருகிற ஓர் ஏற்பாட்டில் அது வேர்கொண்டிருக்கிறது. அவன் நல்லவனான மறுநாளும் அந்த ஏற்பாடு அப்படியே நிற்கும். ரசிகர் புனைவில் பெரும்பகுதி இந்தச் சிக்கலைத் தீர்க்கும் முறை எளியது: ஏற்பாட்டைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு, வெறுப்பை ஒருவனுடைய மனக்கோளாறாக மாற்றி, அந்தக் கோளாறைக் குணப்படுத்திக் கதையை முடிப்பது. இந்தச் சிகிச்சையின் செலவைக் கணக்கிட்டால், அதைக் கட்டுகிறவர் பெரும்பாலும் அவனால் இழிவுபட்டவராகவே இருக்கிறார்.

முதல் வழி, பழியைத் தந்தைமேல் போடுவது. இதற்கு மூலநூலிலேயே ஒரு விதை உண்டு. 2005இல் வந்த ஆறாம் நாவலில் டிராகோ கழிவறையில் நின்று அழுகிறான். பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோரைக் கொல்லும்படி ஏவப்பட்டும் அவன் கை எழவில்லை. இரண்டாண்டு கழித்து வந்த இறுதி நாவலில், பிடிபட்ட ஹாரியை அடையாளம் காட்டத் தயங்குகிறான். இவை அவனுக்குள் கொலைகாரன் இல்லை என்பதற்குச் சான்று. பிறப்பைப் பற்றிய தன் கருத்தை அவன் மறுபரிசீலனை செய்தான் என்பதற்குச் சான்று அல்ல. தனக்கும் பெற்றோருக்கும் என்ன ஆகுமோ என்ற அச்சமே அந்தக் காட்சிகளை நிறைக்கிறது. ரசிகர் புனைவு இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. கொடுமைக்காரத் தந்தை லூசியஸ் வெறுப்பை ஊட்டினார், மகன் அதைச் சுமந்தான், அன்பு செய்யும் ஒருத்தி கிடைத்ததும் இறக்கிவைத்தான் என்று கதை போகிறது. அந்த ஒருத்தி பெரும்பாலும் ஹெர்மாயனியே. இறுதி நாவலில் அவள் வதைக்கப்படுவது மால்ஃபாய் வீட்டு வரவேற்பறையில்தான். டிராகோ அப்போது அங்கே இருக்கிறான். அதே பெண்தான் இந்தக் கதைகளில் அவனுக்குப் பொறுமையாக விளக்குகிறாள், அவன் கெட்ட கனவு கண்டு விழிக்கும்போது தேற்றுகிறாள், அவனை ஏற்க மறுக்கும் தன் நண்பர்களிடம் அவனுக்காக வாதாடுகிறாள். காயம் பட்டவள் காயப்படுத்தியவனின் செவிலியாகிறாள்.

இரண்டாவது வழி இன்னும் வியப்பானது. வில்லனைத் தொடாமல், அவன் இழித்தவரின் பிறப்பையே மாற்றிவிடுவது. ஹெர்மாயனி உண்மையில் ஒரு தூய இரத்தக் குடும்பத்தின் மகள், குழந்தைப் பருவத்தில் தத்துக் கொடுக்கப்பட்டவள், இப்போது உண்மை வெளிப்பட்டது என்று தொடங்கும் கதைகள் ஏராளம். களஞ்சியத்தில் அவற்றுக்கெனக் குறிச்சொல்லே இருக்கிறது. மூலநூலின் வாதம், பள்ளியின் மிகச் சிறந்த மாணவி மந்திரக் குலத்தில் பிறக்காதவள் என்பதுதான். அவளுக்குள் குல இரத்தம் ஒளிந்திருந்தது என்று சொல்லிவிட்டால், அவளுடைய அறிவுக்குக் காரணம் அந்த இரத்தமே என்றாகிறது. டிராகோவின் தந்தை சொன்னது சரியாகிவிடுகிறது, ஆளைத்தான் அவர் தவறாக எண்ணிவிட்டார். இதற்குத் துணையாக இன்னொரு கற்பனையும் வேரூன்றியிருக்கிறது. தூய இரத்தக் குடும்பங்களுக்குத் தொன்மையான சடங்குகளும் திருவிழாக்களும் உண்டு, வெளியிலிருந்து வரும் மாணவர்கள் அவற்றை மதிக்காமல் அழிக்கிறார்கள், ஆகவே மால்ஃபாய்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பது அதன் சாரம். ரௌலிங்கின் நாவல்களில் இதற்கு ஆதாரம் கிடையாது. பிறப்பு மேன்மை பேசுவோர் எல்லா நாட்டிலும் கடைசியில் ஒதுங்கும் இடம், பண்பாட்டைக் காக்கிறோம் என்ற வாதமே. யாரும் கேட்காமலேயே ரசிகர்கள் அந்த வாதத்தை வில்லனின் சார்பில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வழி வெளித்தோற்றத்தில் முதல் இரண்டுக்கும் நேர் எதிர். இங்கே வெறுப்பு மன்னிக்கப்படுவதில்லை. வேண்டாதவர் தலையில் கட்டப்படுகிறது. ஹாரிக்கும் டிராகோவுக்கும் காதல் அமைக்கும் கதைகளில் ஹாரியின் நண்பன் ரான் வீஸ்லி திடீரென்று ஒருபால் காதலை அருவருப்பவனாகிறான். ஹெர்மாயனியும் டிராகோவும் சேரும் கதைகளில் அவளை அடக்கியாளும் பொறாமைக்காரனாகிறான். மூலநூலில் அவன் அப்படிப்பட்டவன் அல்ல என்பது பொருட்டில்லை. காதலுக்கு ஒரு தடை வேண்டும், அந்தத் தடைமேல் வாசகருக்கு இரக்கம் வரக் கூடாது. அதற்கு மிகக் குறைந்த உழைப்பில் கிடைக்கும் கருவி வெறுப்புப் பேச்சு. ஹாரியின் பெரியப்பா வெர்னன் டர்ஸ்லியும் இதே வேலைக்குப் பயன்படுகிறார். இரண்டு வசனத்தில் அவர் வெறுப்பைக் கக்குகிறார், நாயகன் வீட்டைவிட்டு வெளியேறுகிறான், பிறகு அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. அழகான வெறியனுக்கு இறந்தகாலம் தரப்படுகிறது. அழகற்ற வெறியனுக்கு வசனம் மட்டும் தரப்படுகிறது. இருவரிடத்திலும் வெறுப்பு ஒருவரின் உள்ளே கிடக்கும் பொருளாகவே இருக்கிறது. ஒருவரிடமிருந்து அதை எடுத்துவிடலாம், மற்றவரையே கதையைவிட்டு எடுத்துவிடலாம். எப்படியும் சமூகம் சுத்தமாக மிஞ்சுகிறது. ஆகவே இந்த மூன்று வழிகளும் ஒரே வழியின் கிளைகள்தாம்.

இங்கே காணாமல் போவது எது என்பதை அறிய டொலோரஸ் அம்ப்ரிட்ஜைப் பார்த்தால் போதும். அவள் நாவல்களின் முதன்மை வில்லன் வோல்டெமார்ட்டின் கூட்டத்தைச் சேர்ந்தவளே அல்ல; மந்திர அமைச்சகத்தின் அதிகாரி. 2003இல் வந்த ஐந்தாம் நாவலில், ஓநாய் மனிதர்களுக்கு எதிராக அவள் வரைந்த சட்டத்தால், அவர்களில் ஒருவரான லூபினுக்கு வேலை கிடைப்பது அரிதாகிவிட்டது என்று ஒரு பேச்சில் வருகிறது. இறுதி நாவலில் ஆட்சி மாறியதும் அதே அலுவலகத்தில், மந்திரக் குலத்தில் பிறக்காதவர்களைப் பதிவு செய்யும் ஆணையத்துக்குத் தலைமை ஏற்கிறாள். மேரி கேட்டர்மோல் என்ற பெண்ணை உட்காரவைத்து, உன் மந்திரக்கோலை எந்த மந்திரவாதியிடமிருந்து திருடினாய் என்று விசாரிக்கிறாள். தன் வம்சத்தை மேலாகக் காட்ட, லஞ்சமாகப் பறித்த பதக்கத்தைக் குடும்பச் சொத்து என்று சொல்லிக்கொள்கிறாள். அவளிடம் படிவம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது. நல்லவர் பக்கத்தில் நிற்பவர்களையும் மூலநூல் விட்டுவைக்கவில்லை. மந்திரக் குலத்தில் பிறக்காதவள் இத்தனை திறமைசாலியா என்று வியக்கும் பேராசிரியர் ஸ்லக்ஹார்ன் கெட்டவர் அல்லர். ஓநாய் மனிதர் என்று தெரிந்ததும் லூபினைக் கண்டு அருவருத்து விலகும் ரானும் கெட்டவன் அல்லன். வெறியின் கொடூர முகமும், அதன் அலுவலக முகமும், விருந்து மேசையில் சிரிக்கும் முகமும் ஒரே ஏற்பாட்டின் வெவ்வேறு படிகள் என்பதை இந்த நாவல்கள் ஓரளவு காட்டியிருந்தன. அந்தப் படிகளை மேலும் இறங்கிப் பார்த்திருக்க வேண்டிய ரசிகர் புனைவு, டிராகோவின் கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டது.

இது ஒரு நாவல் வரிசையின் தனிக்கதை அல்ல. 2015இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் தொடக்கத்தில், பிடிபட்ட கிராமத்து மக்களைச் சுட்டுக் கொல்லும்படி கைலோ ரென் ஆணையிடுகிறான். படைவீரர்களில் ஒருவன் மட்டும் சுட மறுக்கிறான். அவன்தான் பின்னர் ஃபின் என்று பெயர் பெறுகிறவன். கொடுங்கோன்மைக்குள் வளர்க்கப்பட்டவன் மனசாட்சியால் அதிலிருந்து வெளியேறும் கதையை ரசிகர்கள் உண்மையிலேயே தேடினார்கள் என்றால், அது முதல் சில நிமிடங்களிலேயே அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. ஆயினும் ஏக்கமும் மீட்பும் ததும்பும் எழுத்து வெள்ளம் கைலோ ரெனைச் சுற்றியே பாய்ந்தது; ஃபின் ஓரமாக நின்றான். முன்னவராக நடித்தவர் வெள்ளையர், பின்னவராக நடித்தவர் கறுப்பினத்தவர். இந்திய ஆய்வாளர் ருக்மிணி பாண்டே 2018இல் வெளியிட்ட நூலில் முன்வைக்கும் வாதத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம்: இனப் பிரச்சினை ரசிகர் உலகில் அவ்வப்போது மூளும் சண்டை அல்ல, யாரை நேசிப்பது, யாருக்காக இரங்குவது என்ற தேர்வுகளிலேயே அது அமைந்திருக்கிறது. மீட்பு என்பது குற்றத்தின் அளவைப் பார்த்தோ மனமாற்றத்தின் ஆழத்தைப் பார்த்தோ வழங்கப்படுவதில்லை. யாருடைய வலி நமக்குச் சுவையாக இருக்கிறது என்பதைப் பார்த்தே வழங்கப்படுகிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு, இவை ஆசைக் கற்பனைகள் என்பது. இரவில் டிராகோவின் காதலைப் படிக்கிறவர் பகலில் இனவெறியை ஆதரிக்கக் கிளம்புவதில்லை. கதைக்கும் வாழ்வுக்கும் உள்ள வேறுபாடு வாசகருக்குத் தெரியும். இது உண்மை. கொடியவனை விரும்பி எழுதுவதும் படிப்பதும் குற்றமில்லை, அதற்குத் தடை கேட்பதும் இக்கட்டுரையின் நோக்கமில்லை. ஆனால் இந்த மறுப்பு வாசகரின் ஒழுக்கத்தைக் காக்கிறது, கதையின் தரத்தைக் காப்பதில்லை. வில்லன் வில்லனாக இருப்பதால் கிடைக்கும் இருளும் அபாயமும் அந்தக் கதைக்கு வேண்டும். அவனை வில்லனாக்கிய செயல் மட்டும் வேண்டாம் என்றால், கதை தன் சூட்டுக்கு எரிக்கும் விறகையே மறுக்கிறது. காதலிப்பவள் அவன் முன்பு இழித்தவளாக இருப்பதால்தான் அந்தக் காதலுக்கு இறுக்கம் கூடுகிறது. அந்த இழிவு ஏன் அவன் வாயில் அவ்வளவு இயல்பாக வந்தது, அதை அவன் சொல்லியபோது சுற்றியிருந்தவர்களில் யார் சிரித்தார்கள் என்ற கேள்விகளை எழுதினால் காதல் குறையாது. எதிர்ப்பக்கத்தின் எடை கூடுவதால், அவன் அதைத் தாண்டி வரும் தூரம் வாசகருக்குத் தெரியும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. வெறியர்கள் வாழ்வில் திருந்துகிறார்கள். கதை அதைச் சொல்வதில் என்ன பிழை? டெரெக் பிளாக்கின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அமெரிக்க வெள்ளையினவாதிகளின் பெரிய இணையத்தளமான ஸ்டார்ம்ஃபிரண்டைத் தொடங்கியவரின் பிள்ளை அவர். இளவயதிலேயே அந்த இயக்கத்தின் வாரிசாகக் கருதப்பட்டவர். ஃபுளோரிடாவில் கல்லூரிக்குப் போன பிறகு அவர் யார் என்பது தெரியவந்தது. பல மாணவர்கள் அவரை வெளிப்படையாகக் கண்டித்து ஒதுக்கினார்கள். ஒரு யூத மாணவர் தம் வாராந்தர சபாத் விருந்துக்கு அழைத்தார். 2013இல் அவர் தம் பழைய கொள்கையைக் கைவிடுவதாகப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ரசிகர் புனைவு விரும்பும் கதை போலவே இது தோன்றும். ஆனால் கூர்ந்து பார்த்தால் வேறுபாடுகள் துலங்கும். அன்பு மட்டும் அவரை மாற்றிவிடவில்லை. ஒதுக்கலும் கண்டனமும், சான்றுகளை எடுத்துவைத்து நண்பர்கள் செய்த நீண்ட வாதங்களும் சேர்ந்தே மாற்றின. அந்த மாற்றம் தனியறையில் ஒருவர் காதில் சொன்ன மன்னிப்போடு முடியவில்லை. தாம் வளர்த்த இயக்கம் படிக்கும்படி எழுதப்பட்டது, குடும்பத்தோடு இருந்த உறவை உடைத்தது. விலை கொடுத்தவர்களில் மாறியவரும் இருந்தார். டிராகோவின் கதைகளில் பெரும்பாலானவற்றில் அவனுக்கு அந்த விலை கிடையாது. மாளிகையும் வங்கிச் செல்வமும் குடும்பப் பெயரும் அவனிடமே இருக்கின்றன. ஹெர்மாயனி அந்த மாளிகைக்குக் குடிபோவதே சுபமுடிவு. ஆகவே திருந்துவது நம்பும்படி இருக்கிறதா என்று சோதிக்க நல்ல கேள்வி ஒன்று உண்டு: அவன் எதை இழந்தான்?

மூன்றாவது மறுப்பு, வெறுப்பை நேரில் அனுபவிப்பவர்களிடமிருந்து வருகிறது. அன்றாடம் கேட்கும் வசவுகளைக் கதையிலும் ஏன் கேட்க வேண்டும்? ஒருபால் காதலர்களை யாரும் ஏளனம் செய்யாத உலகை எழுதுவதும், நிறமே பொருட்டில்லாத பள்ளியை எழுதுவதும் ஓர் உரிமை, ஓர் ஆறுதல். இதற்கு மறுமொழி சொல்ல வேண்டியதே இல்லை; அது முழு நேர்மையான தேர்வு. வெறுப்பு இல்லாத உலகு ஒன்று, வெறுப்பைக் கணக்கிடும் உலகு ஒன்று, இரண்டும் நிற்கும். நிற்காதது பாதிப்பாதி உலகுதான். வில்லனுக்கு மெருகு சேர்க்கும் அளவுக்கு வெறுப்பு இருக்கும், அதனால் துன்புறுகிறவருக்கு நினைவு இருக்கும் அளவுக்கு இருக்காது. களஞ்சியத்தின் ஏற்பாடுகளும் இந்தப் பாதிநிலையைக் காட்டுகின்றன. வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், பாலியல் வன்புணர்வு, வயது குறைந்தோரின் பாலுறவு ஆகிய நான்குமே அங்கே எழுத்தாளர் அறிவிக்க வேண்டிய எச்சரிக்கைகளாக வகுக்கப்பட்டிருக்கின்றன. இனவெறி அந்தப் பட்டியலில் சேரவில்லை. ‘அந்தக் காலத்துக்கேற்ற இனவெறி’ போன்ற குறிச்சொல்லை எழுத்தாளர் விரும்பினால் இடலாம். காலத்துக்கேற்றது என்றவுடன் வெறுப்பு அக்காலத்து வண்டியும் விளக்கும் போலப் பின்னணிப் பொருளாகிவிடுகிறது. அதைச் செய்தவர் யார், அதனால் எந்தக் கதவு யாருக்கு மூடியது என்ற கேள்வி எழாமல் போகிறது.

பிறர் உலகைக் கடன் வாங்கி எழுதும் முறையிலேயே இதைச் செம்மையாகச் செய்ய முடியும் என்பதற்கு விக்டர் லவால் 2016இல் எழுதிய குறுநாவல் ‘த பேலட் ஆஃப் பிளாக் டாம்’ சான்று. எச்.பி. லவ்கிராஃப்ட்டின் ‘த ஹாரர் அட் ரெட் ஹுக்’ சிறுகதை 1927இல் வெளிவந்தது. நியூயார்க்கில் குடியேறிய மக்கள்மேல் அதன் ஆசிரியர் கொண்ட வெறுப்பு அந்தக் கதையில் பச்சையாகத் தெரியும். லவால் அதே நிகழ்வுகளை ஹார்லெமைச் சேர்ந்த கறுப்பின இளைஞன் டாமி டெஸ்டரின் பக்கத்திலிருந்து மறுபடி எழுதுகிறார். அவனுடைய தந்தையைத் தனியார் துப்பறிவாளர் ஒருவர் வீட்டுக்குள் புகுந்து சுட்டுக் கொல்கிறார். கையிலிருந்த கிதாரைத் துப்பாக்கி என்று நினைத்ததாகச் சொல்கிறார். அந்த ஆளுக்குச் சோக இளமைக்காலம் எதுவும் தரப்படவில்லை; கொம்பும் கோரைப்பல்லும்கூட வைக்கப்படவில்லை. நடந்ததை அவர் நிதானமாக, அலுவல் நடையில் விவரிக்கிறார். அருகில் நிற்கும் போலீஸ்காரர்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. அச்சம் எழுவது அந்த நிதானத்திலிருந்தே. பிறகு குறுநாவலின் இரண்டாம் பாதி மெலோன் என்ற போலீஸ்காரரின் பார்வைக்கு மாறுகிறது. படித்தவர், மென்மையானவர், வெறியர் என்று எவரும் சொல்லத் துணியாதவர். ஆனாலும் அந்தக் கொலையைச் சாதாரணமாக்கும் ஏற்பாட்டில் அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு. அவர்மேல் வாசகருக்கு ஓரளவு இரக்கமும் பிறக்கிறது. ஏற்பாட்டைக் காட்டினால் பாத்திரம் தட்டையாகிவிடும் என்ற அச்சத்துக்கு இந்தக் குறுநாவலே போதிய விடை.

இந்தக் கேள்வி இப்போது ரசிகர் வட்டத்தைத் தாண்டிவிட்டது. ஹெர்மாயனி – டிராகோ காதல் கதைகளை எழுதிப் புகழ்பெற்றவர்களின் மூன்று நாவல்கள் 2025 ஒரே ஆண்டில் பெரிய பதிப்பகங்கள் வழியாக அச்சேறின. அவற்றுள் ஒன்று, வோல்டெமார்ட் வென்றுவிட்ட உலகை வைத்து சென்லின்யு 2018–19இல் எழுதிய ‘மனக்கில்ட்’ கதையிலிருந்து உருவான ‘ஆல்கமைஸ்ட்’. காப்புரிமை காரணமாக, அச்சுக்கு வரும் எந்தக் கதையும் ரௌலிங்கின் பெயர்களையும் இரத்தப் பிரிவுகளையும் அமைச்சகத்தையும் விட்டுவிட்டே வர வேண்டும். ரசிகர் புனைவாக இருந்தவரை, எழுத்தாளர் சொல்லாமல் விட்டதையெல்லாம் வாசகர் ஏழு நாவல்களின் நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டார். டிராகோ எதற்காக வருந்த வேண்டும் என்பதைக் கதை சொல்லத் தேவைப்படவில்லை. அந்தக் கடன் இப்போது கிடைக்காது. யாரை யார் எந்தச் சட்டத்தால், எந்த ஆதாயத்துக்காகத் தாழ்த்தினார்கள் என்பதை எழுத்தாளர் தாமே முதலிலிருந்து கட்டியெழுப்ப வேண்டும். அதைச் செய்கிறவரின் நாயகனுக்குத் திருந்துவதற்கு ஒரு காரணமும், இழப்பதற்கு ஒரு பொருளும் இருக்கும். செய்யாதவரின் கையில் மிஞ்சுவது, என்ன குற்றம் செய்தான் என்றே தெரியாமல் வருந்திக்கொண்டிருக்கும் அழகான இளைஞன் ஒருவன் மட்டுமே; அவனை மன்னிக்கும்படி ஒரு பெண்ணைக் கேட்பதற்குக் கதையிடம் நியாயம் எதுவும் இருக்காது.